இரண்டாவது பெயர்

சிகாகோவில் விமானம் மாறி ஏறியபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் அலமாரி. தலைக்கு மேல் இருக்கும் பெட்டித் தட்டைச் சொல்லவில்லை. வீட்டில் துணி வைப்போமே, அதுபோல் தரையிலிருந்து எழும்பி நிற்கிற அலமாரி. கைப்பெட்டிகளை அதற்குள் நிறுத்தி வைக்கலாம். முன்வரிசைக்காரர்கள் தாங்களே எடுத்துக்கொள்ள நொறுக்குத்தீனி அடுக்கிய தட்டு வேறு. சின்ன விமானம், மொத்தமே 50 இருக்கைகள். ஆனால் காலை நீட்டி உட்கார முடிந்தது. சிங்கப்பூரிலிருந்து இருபது மணி நேரத்துக்கு மேல் மடங்கிக் கிடந்த என் முழங்கால்களுக்கு அதுவே சொர்க்கம். “அமெரிக்காக்காரன் தாராளமானவன்தான்” என்று எழுதி அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற ஊரில் இருக்கிறார். வால்மார்ட் தலைமையகம் இருக்கும் ஊர் அது. அதனால் கணினி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. சனிக்கிழமை காலையில் தெருவில் நடந்தால் தாளிக்கிற வாசனை வருகிறது.

விமானம் நகரத் தொடங்கியதும் வரவேற்பு அறிவிப்பு வந்தது. குரலை வைத்துப் பிழைப்பவள் நான். யார் எந்தச் சொல்லில் மூச்சு விடுகிறார்கள் என்று என் காது தானாகவே கவனிக்கும். ‘யுனைடெட்’ என்ற பெயரை அந்தப் பெண் நிறுத்தி, அழுத்திச் சொன்னார். பிறகு, இந்த விமானத்தை இயக்குவது இன்னொரு நிறுவனம் என்று அதன் பெயரையும் சொன்னார். அதைச் சொன்ன வேகம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. வானொலி விளம்பரத்தின் முடிவில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு ஓடுவோமே, அதே வேகம்.

அந்த இரண்டாவது பெயரை நான் அன்றே மறந்திருப்பேன். அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் மறக்கவிடவில்லை.

அறுபதைத் தாண்டியவர். ஓய்வுபெற்ற விமானி. அண்ணன் பிள்ளைகளுக்கு அவர் ‘அங்கிள்’, அவர் மனைவி ‘ஆன்ட்டி’. பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஒஹாயோ பக்கத்திலிருந்து குடிமாறி வந்தவர்கள். அண்ணியின் தோசைக்கு அடிமையாகி, சனிக்கிழமைகளில் வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். நான் போன வாரமும் வந்தார்கள். தோசைக்கு நடுவில் அந்த அலமாரிப் படத்தைக் காட்டினேன். அங்கிள் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தாராளமா? அது விமானிகள் போட்ட சண்டையின் தழும்பு” என்றார்.

அந்த விமானத்தின் உடம்பு 70 பேர் உட்காரச் செய்ததாம். இருபது இருக்கைகளைக் கழற்றி, அதற்கு ‘சிஆர்ஜே 550’ என்று புதுப்பெயர் வைத்து, 2019-இல் பறக்கவிட்டார்கள். காரணம், பெரிய நிறுவனங்களுக்கும் அவற்றின் விமானிகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கும் ‘ஸ்கோப்’ என்ற பிரிவு. எங்கள் பெயரைத் தாங்கிப் பறக்கும் வேலையை வெளியாருக்குக் கொடுத்தால் இத்தனை இருக்கைக்கு மேல் கூடாது, இத்தனை எடைக்கு மேல் கூடாது, இத்தனை விமானத்துக்கு மேல் கூடாது என்று வேலி போடும் பிரிவு அது. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களிலும் உச்சவரம்பு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. அந்த அளவிலும் எத்தனை விமானங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டு. கணக்கு தீர்ந்துவிட்டால் 50 இருக்கைக்கு இறங்கவேண்டியதுதான். என் முழங்காலுக்குக் கிடைத்த இடம் அப்படி வந்தது.

இந்த வேலியின் நிழல் பிரேசில்வரை நீண்டிருக்கிறது. எம்ப்ராயர் நிறுவனம் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் புது இயந்திரத்தோடு ‘இ175-இ2’ என்ற விமானத்தை உருவாக்கியது. புது இயந்திரம் கனம். 86,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. அமெரிக்க விமானிகள் விதியைத் தளர்த்துவார்கள் என்று காத்திருந்து பார்த்தார்கள். தளர்த்தவில்லை. 2022-இல் அந்தத் திட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1978-இல் அமெரிக்க அரசாங்கம் விமானப் போக்குவரத்தின் மீதிருந்த கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் சில நகரங்களை மையமாக வைத்துக்கொண்டன. சிற்றூர்களிலிருந்து பயணிகளை அங்கே கொண்டுவந்து சேர்க்கும் வேலையைச் சிறிய வட்டார நிறுவனங்களுக்குக் கொடுத்தன. வண்ணமும் பயணச்சீட்டும் பெரியவருடையவை. விமானியும் சம்பளமும் சின்னவருடையவை. கொவிட் காலத்துக்கு முன் அமெரிக்காவில் புறப்பட்ட பயணிகள் விமானங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு இப்படிப் பறந்தவை.

அங்கிள் பறந்தது கோம்ஏர் என்ற வட்டார நிறுவனத்தில். சின்சினாட்டியை மையமாகக் கொண்டு, டெல்டாவின் வண்ணத்தில் பறந்த நிறுவனம். (சின்சினாட்டி ஒஹாயோவில் இருக்கிறது, அதன் விமான நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் இருக்கிறது. ஜொகூர் பாருவில் இறக்கிவிட்டு ‘சிங்கப்பூர் வந்தாச்சு’ என்று சொல்வதுபோல.) ஆன்ட்டியின் அண்ணன் பறந்தது டெல்டாவில். இருவருக்கும் ஒரே சங்கம், ‘ஆல்பா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் விமானிகள் சங்கம். டையில் குத்திக்கொள்ளும் ஊசிகூட ஒன்றுதான்.

2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் டெல்டா, கோம்ஏரை முழுமையாக வாங்கிவிட்டது. இனி எல்லாரும் ஒரே வீடுதானே, நம் பெயர்களையும் ஒரே பட்டியலில் சேருங்கள் என்று கோம்ஏர் விமானிகள் சங்கத்திடம் கேட்டார்கள்.

பட்டியல் என்பது சாதாரணக் காகிதம் இல்லை. அமெரிக்காவில் ஒரு விமானியின் வாழ்க்கை ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. பணிமூப்பு எண். எந்த விமானம் ஓட்டலாம், எந்த ஊரிலிருந்து கிளம்பலாம், எப்போது கேப்டன் ஆகலாம், கிறிஸ்மசுக்கு வீட்டில் இருக்கலாமா, எல்லாவற்றையும் அந்த எண்தான் முடிவு செய்கிறது. ஆள்குறைப்பு வந்தால் முதலில் போவதும் கடைசி எண். இருபது வருட அனுபவத்தோடு வேறு நிறுவனத்துக்குப் போனாலும் புதிதாக வந்த பையனுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். அனுபவத்தைக் கொண்டுபோகலாம், எண்ணைக் கொண்டுபோக முடியாது.

ஆகவே டெல்டா விமானிகள் பதறினார்கள். ராணுவத்தில் பறந்து, வருடக்கணக்கில் காத்திருந்து கிடைத்த எண்ணுக்கு முன்னால் சின்ன ஜெட் ஓட்டிய ஆயிரத்துச் சொச்சம் பேர் எங்கே வந்து செருகப்படுவார்களோ என்ற பயம். சங்கம் கோம்ஏர்க்காரர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. 2001-இல் கோம்ஏர் விமானிகள் சிலர் தங்கள் சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள்.

அதே 2001, மார்ச் 26. சம்பளமும் ஓய்வூதியமும் வேலை நேரமும் பெரியவர்களுக்குப் பக்கத்திலாவது வரவேண்டும் என்று கோம்ஏர் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு விமானம்கூட எழும்பவில்லை. 89 நாள் நீடித்தது.

இதை எல்லாம் அங்கிள் உற்சாகமாகச் சொன்னார். ஆன்ட்டி தோசையை விண்டுகொண்டிருந்தாரே தவிரச் சாப்பிடவில்லை. பிறகு அவர் பேசினார்.

“இவர் பலகையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றார். என் அண்ணன் டெல்டாவில் பறந்துகொண்டிருந்தான். அந்த வருடத் தேங்க்ஸ்கிவிங் விருந்தில் இருவருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். உப்பைக்கூட என் வழியாகத்தான் கேட்டார்கள்.”

வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ளாத விருந்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த உப்பின் கனம் தெரியும். நம் கல்யாண வீடுகளில் பார்க்காததா?

நான் உடனே ஆன்ட்டியின் அண்ணனை வில்லனாக்கிவிட்டேன். முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அங்கிள் கையைத் தூக்கித் தடுத்தார். அவன் பயந்தது பொய்யில்லை என்றார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு டெல்டா ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது. 2004-இல் எஞ்சியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். 2005-இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அடுத்த ஆண்டு விமானிகளின் ஓய்வூதியத் திட்டமே முடிவுக்கு வந்தது. அந்த வருடங்களில் அமெரிக்கா முழுக்கப் பெரிய ஜெட்டுகள் விட்டுப்போன தடங்களில் சின்ன ஜெட்டுகள் பறந்தன. வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தால், தன் நிறுவனத்தின் பெயரோடு, தான் ஓட்டிய தடத்தில், பாதிச் சம்பளத்துக்கு வேறொருவர் போய்க்கொண்டிருப்பார். அவருக்குக் கோபம் யார் மேல் வரும்? சம்பளத்தை நிர்ணயித்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத மாடியில் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தவர் அந்தச் சின்ன ஜெட்டை ஓட்டியவர்தான்.

வேலைநிறுத்தத்தில் சம்பளம் கொஞ்சம் உயர்ந்தது. சம்பளம் உயர்ந்த வட்டார நிறுவனத்தை வைத்துக்கொண்டு என்ன பயன்? அதைவிட மலிவான வேறு வட்டார நிறுவனங்கள் வரிசையில் நின்றன. கோம்ஏர் வருடா வருடம் சுருங்கியது. 2012-இல் டெல்டா விமானிகள் நிறுவனத்தோடு ஒரு புதிய ஒப்பந்தம் போட்டார்கள். 50 இருக்கை ஜெட்டுகளைப் பெருமளவு குறைப்பது அதில் ஒரு பகுதி. கோம்ஏரிடமும் அந்த ஜெட்டுகள் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி கோம்ஏர் மூடப்பட்டது. அங்கிளுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. இன்னொரு வட்டார நிறுவனத்தில், பட்டியலின் கடைசி எண்ணில், துணை விமானியாக மறுபடி தொடங்கினார்.

“அந்த ஒப்பந்தத்துக்கு உங்கள் மைத்துனர் எப்படி வாக்களித்தார்?” என்று கேட்டேன். வானொலிக்காரியின் வாய், சும்மா இருக்காது.

“கேட்டதே இல்லை” என்றார் அங்கிள். ஆன்ட்டி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். 2009 பிப்ரவரி 12 இரவு நியூவர்க்கிலிருந்து பஃபலோ போன விமானம் தரையிறங்கும் முன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். பயணச்சீட்டில் கான்டினென்டல் என்று இருந்தது. பறக்கவிட்டது கோல்கன் ஏர் என்ற வட்டார நிறுவனம். வேகம் குறைகிறது என்ற எச்சரிக்கை வந்தபோது தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே காரணம் என்றது விசாரணை வாரியம். ஆனால் விசாரணையில் வேறு விஷயங்களும் வெளியே வந்தன. 24 வயதுத் துணை விமானி, வீடு இருந்த சியாட்டல் பக்கத்திலிருந்து இரவு முழுதும் நாட்டைக் குறுக்காகக் கடந்து வேலைக்கு வந்திருந்தார். அவர் சம்பளம் வருடத்துக்கு 16,000 டாலர் அளவில்தான் என்ற பேச்சு அமெரிக்காவை உலுக்கியது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010-இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பனுபவம் வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. பயணச்சீட்டு விற்கும்போதே உண்மையில் எந்த நிறுவனம் பறக்கவிடுகிறது என்று காட்டவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அலமாரி விமானத்தில் அந்தப் பெண் விழுங்கிய இரண்டாவது பெயரை இதற்குப் பிறகு என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதே என்று கேட்கலாம். கொவிட்டுக்குப் பிறகு விமானிகளுக்குத் தட்டுப்பாடு. 2022-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் வட்டாரக் கிளைகள் புதிதாகச் சேரும் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அங்கிள் அதைச் சொல்லிவிட்டு, தன் முதல் சம்பளச் சீட்டை இன்னும் சட்டம் போட்டு வைக்கவில்லையே என்று சிரித்தார். பணம் கூடியது. பட்டியல்கள் இன்னும் தனித்தனிதான்.

திரும்பி வரும் வழியில் நம் ஊர் சில்க்ஏர் நினைவுக்கு வந்தது. 2021-இல் அது தாய் நிறுவனத்துக்குள் கரைந்தபோது, ‘உங்கள் சில்க்ஏர் நினைவுகள்’ என்று நேயர்களை அழைத்துப் பேசவைத்தேன். தேனிலவுக்குப் போனவர், முதல் விமானப் பயணம் போனவர் என்று வரிசையாக அழைத்தார்கள். நல்ல நிகழ்ச்சி. அங்கே வேலை பார்த்தவர் யாராவது அழையுங்களேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் விமானத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தது சில்க்ஏர் இல்லை. ஒரு கடிதம்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியதும் நான் வானொலியில் சேர்ந்தது பகுதிநேரப் படைப்பாளராக. நிலையத்தின் பெயர் வேண்டாம். மணிக்கணக்குச் சம்பளம். வார இறுதி, நள்ளிரவு, பொது விடுமுறை எல்லாம் எங்களுக்கு. ஒலிவாங்கி ஒன்றுதான், நேயர்களும் ஒன்றுதான். பேருந்து நிறுத்தச் சுவரொட்டியில் சிரிக்கும் முகங்கள் மட்டும் வேறு. நோய் என்று படுத்தால் காசு இல்லை. மூன்று வருடம் அப்படி ஓடியது. அம்மா யாரிடமாவது என் வேலையைச் சொல்லும்போது ‘பகுதிநேரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் வேகமாகச் சொல்வார். பிறகு நிரந்தர வேலை கிடைத்தது. ஊழியர் அட்டையின் கயிறு நிறம் மாறியது. அன்று மாலை தேக்காவில் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு நான்கு வருடம் கழித்து, மதிய நிகழ்ச்சிகளை வெளி நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. நிரந்தர ஊழியர்கள் உணவறையில் கூடிக் கூடிப் பேசினோம். அந்த நேரத்தில்தான் பகுதிநேரத் தோழி ஒருத்தி ஒரு கடிதத்தோடு வந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். என்னை ‘அக்கா’ என்பாள். நள்ளிரவு நிகழ்ச்சியில் எப்படி மூச்சை அடக்கிச் சிரிப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஒரே வேலைக்கு ஒரே மணிநேரக் கட்டணம், நோய் விடுப்புக்குப் பணம், இவ்வளவுதான் கடிதத்தில் இருந்தது. நிரந்தர ஊழியர்களும் கையெழுத்துப் போட்டால் மேலிடம் கேட்கும் என்றாள்.

“இப்ப நேரம் சரியில்லம்மா, கொஞ்சம் பொறு” என்றேன்.

நேரம் சரியில்லை என்பது உண்மைதான். உண்மையின் மிச்சத்தை நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே கணக்கு என்று ஆகிவிட்டால், நாளைக்கு யாரை முதலில் கழிப்பார்கள்? அவர்கள் மலிவாகவும் வெளியேயும் இருக்கும்வரை எனக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு வரிசை ஆட்கள் இருந்தார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. உணவறையில் எல்லாரும் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தோம்.

அவள் இரண்டு மாதத்தில் விலகிவிட்டாள். இப்போது ஒரு துணைப்பாட நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்வி. தீபாவளி, பொங்கலுக்கு இருவரும் வாழ்த்துப் படம் அனுப்பிக்கொள்கிறோம். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் அலுவலக மின்னஞ்சலில் தீபாவளி வாரத்தின் வேலைப் பட்டியல் வந்தது. வழக்கம்போல் நிரந்தர ஊழியர்கள் பணிமூப்பு வரிசையில் முதலில் விடுப்பைக் குறிக்கலாம். மிஞ்சிய கட்டங்கள் பகுதிநேரக்காரர்களுக்கு. தீபாவளிக் காலை ஆறு மணி முதல் பத்து மணிவரை உள்ள கட்டம் எப்போதும் மிஞ்சும். நானும் மூன்று வருடம் அதில் இருந்தேன். நிரந்தரமான பிறகு ஒரு தடவைகூட இல்லை. இந்த ஆண்டு அதில் விழ இருப்பவர் யார் என்று எனக்குத் தெரியும். பாலிடெக்னிக் முடித்துப் புதிதாக வந்த பையன். அவனுக்கு வீட்டில் பாட்டி இருக்கிறார்.

அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடாத கடிதத்துக்கு ஒரு காலை நேரம் ஈடாகாது என்று எனக்குத் தெரியும். துறைத் தலைவர் தவறுதலாகப் போட்டுவிட்டேனோ என்று இருமுறை கேட்டார்.

அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் தொலைபேசியில் சத்தமே இல்லை.

“அப்ப எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறது?”

“வந்து குளிக்கிறேன்மா.”

“வந்து என்ன வந்து? நாலு மணிக்கே எழுப்பி விடுறேன். குளிச்சிட்டுப் போ” என்றார்.